விடுவிக்கும் காகிதத்தைத் தேடும் கணிப்பொறி

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1985-ஆம் ஆண்டு ஜான் தாம்சன் என்ற இளைஞர் அடுத்தடுத்து இரண்டு வழக்குகளில் தண்டிக்கப்பட்டார். முதலாவது, ஆயுதம் காட்டி வழிப்பறி செய்ய முயன்றதாக ஒரு வழக்கு. அடுத்தது கொலை வழக்கு. முதல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தபடியால், இரண்டாம் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறித் தம் தரப்பைச் சொல்ல அவர் துணியவில்லை. ஏறியிருந்தால் அந்தப் பழைய தண்டனையை அரசு வக்கீல் ஜூரிகள் முன் எடுத்துப் போட்டிருப்பார். தாம்சனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1999 மே மாதத்தில் தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்தாயிற்று. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில், அவருடைய வக்கீல்கள் அமர்த்திய துப்பறிவாளர் ஒருவர் போலீஸ் ஆய்வகத்தின் பழைய பதிவுகளைத் துருவிக்கொண்டிருந்தார். நுண்படத் தாள் ஒன்றில் ஓர் அறிக்கை அகப்பட்டது. வழிப்பறியின்போது நடந்த கைகலப்பில் திருடனின் இரத்தம், தாக்கப்பட்டவரின் கால்சட்டையில் பட்டிருந்தது. அந்தத் துணித் துண்டை ஆய்வகம் 1985-லேயே சோதித்துவிட்டது. இரத்தப் பிரிவு 'பி'. தாம்சனின் இரத்தமோ 'ஓ' பிரிவு.

இரத்தப் பிரிவுகளைப் பற்றிப் பள்ளியில் படித்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே ஒரு தாள். அதில் ஒரே ஓர் எழுத்து. அது விசாரணைக்கு முன்பே அரசு வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. எதிர்த்தரப்புக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இப்படிப்பட்ட தாள்களைக் கணிப்பொறியைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது. அந்த முயற்சியின் வரலாற்றையும், அது எங்கே இடறுகின்றது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு தீர்ப்பு பிறந்த கதை

முதலில் சட்டம். மேரிலாந்து மாநிலத்தில் 1958-ல் கொள்ளையின்போது ஒரு கொலை நடந்தது. பிரேடி, பாப்லிட் என்ற இருவருக்கும் தனித்தனியே விசாரணை நடந்து, இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தாம் உடந்தையாய் இருந்ததைப் பிரேடி ஒப்புக்கொண்டார். கொன்றது தாம் அல்ல என்பதே அவர் வாதம். விசாரணைக்கு முன்பே அவருடைய வக்கீல் பாப்லிட்டின் வாக்குமூலங்களைக் கேட்டிருந்தார். பல வாக்குமூலங்களைக் காட்டினார்கள். 'கொன்றவன் நான்தான்' என்று பாப்லிட் ஒப்புக்கொண்ட ஒன்றை மட்டும் காட்டவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963 மே 13-ஆம் நாள் இவ்வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியமான சான்றை, அவர் கேட்டும் அரசுத் தரப்பு தராமல் இருந்தால் அது நெறியான விசாரணை ஆகாது. அரசுத் தரப்பின் எண்ணம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. இந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்று மறைத்தாலும் சரி, கைப்பிசகாய் விட்டுப்போனாலும் சரி, சிறைக்குள் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பின்வந்த தீர்ப்புகள் இவ்விதியை விரித்தன. அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தைக் குலைக்கும் செய்தியும் இதில் அடங்கும் என்றது 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. போலீசாரிடம் மட்டுமே இருந்த செய்திக்கும் அரசு வக்கீலே பொறுப்பு என்றது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இங்கிலாந்தில் இந்தப் பாடம் வேறு வழியில் வந்தது. அதில் விஞ்ஞானிகளாகிய நமக்கும் ஒரு தலைகுனிவு உண்டு. 1974-ல் குண்டு வெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜூடித் வார்டு என்ற பெண், 1992-ல் விடுவிக்கப்பட்டார். வெடிமருந்தான நைட்ரோகிளிசரின் இருப்பதாகக் காட்டிய சோதனையில், செருப்புக்குப் போடும் பாலீஷின் சாயமும் அதே போலத் தோன்றக்கூடும் என்பதற்கான முடிவுகள் அரசு ஆய்வாளர்களிடமே இருந்தன. அவர்கள் அதை வெளியே சொல்லவில்லை. அந்த வழக்குக்குப் பின்னர், 1996-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வழக்கில் பயன்படுத்தாத பொருள்களையும் போலீசார் பட்டியலிட வேண்டும். அவற்றில் சாதகமானவற்றை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும். (நம் உச்ச நீதிமன்றமும், புலனாய்வு அதிகாரி தம் வழக்குக்கு ஆதாரமாகக் கொள்ளாத ஆவணங்களின் பட்டியலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று 2021 ஏப்ரலில் நெறி வகுத்தது.)

தாள் பெருகிய காலம்

பிரேடியின் காலத்தில் ஒரு வழக்கின் காகிதங்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கின. பெட்டியைத் திறந்து காட்ட மனமிருந்தால் போதும். நகலெடுக்கும் இயந்திரம், மின்னஞ்சல், கைத்தொலைபேசி என்று ஒவ்வொன்றாய் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. என்ரான் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்கில்லிங் மீதான வழக்கில், அரசுத் தரப்பு எதையும் மறைக்கவில்லை. பல நூறு மில்லியன் பக்கங்களை அப்படியே திறந்து வைத்துவிட்டது! எண்ணற்ற வக்கீல்கள் இரவு பகலாய்ப் படித்தாலும் பல ஆண்டுகள் ஆகும் என்று எதிர்த்தரப்பு முறையிட்டது. கோப்புகள் கணிப்பொறியில் தேடத்தக்க வடிவில் இருக்கின்றன, முக்கியமானவற்றைத் தனியாகவும் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் அந்த முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆக, தேடும் கருவி நீதியின் ஒரு பகுதியே ஆகிவிட்டது.

பெரிய கம்பெனி வழக்குகளில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். லண்டனில் ஒரு கல்லூரி மாணவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் ஜாமீனில் அலைந்தார். புகார் கொடுத்தவரின் தொலைபேசியிலிருந்து போலீசார் எடுத்த 40,000-க்கும் மேற்பட்ட செய்திகள் ஒரு தட்டில் கிடந்தன. அவற்றில் வழக்குக்கு வேண்டியது ஒன்றுமில்லை என்றார் அதிகாரி. விசாரணை தொடங்கிய பின்னர்தான், புதிதாய் வந்த அரசு வக்கீலின் முயற்சியால் அந்தத் தட்டு எதிர்த்தரப்பின் கைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இரவோடிரவாகப் படித்தார். புகாருக்கு நேர் மாறான செய்திகள் அதில் இருந்தன. 2017 டிசம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. யாரும் வேண்டுமென்று மறைத்ததற்கு ஆதாரமில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. தவறவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதன் பிறகு அரசு வழக்கு நடத்தும் துறை, நிலுவையில் இருந்த இத்தகைய 3,637 வழக்குகளை மறு ஆய்வு செய்தது; 47 வழக்குகளில் இதே குறை வெளிப்பட்டதாக 2018-ல் அறிவித்தது.

எத்தனை கிடைத்தது, எத்தனை தப்பியது?

ஆவணங்களைத் தேடும் கலைக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு விமானப் பொறியியல் கல்லூரியில் நூலகராயிருந்த சிரில் கிளெவர்டன், 1950-களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய சோதனைகள் இவற்றை நிலைநாட்டின. கிடைத்தவற்றுள் எத்தனை பங்கு நமக்கு வேண்டியவை என்பது ஒன்று. இதைத் துல்லியம் என்போம். வேண்டியவை மொத்தத்தில் எத்தனை பங்கு நம் கைக்குக் கிடைத்தது என்பது மற்றொன்று. இதை முழுமை என்போம். துல்லியத்தை அளப்பது எளிது. கிடைத்ததைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முழுமையை எப்படி அளப்பது? கிடைக்காமல் போனதை யார் பார்த்தார்கள்?

இந்தக் கேள்வியை வழக்காவணங்களின் மீது வைத்துப் பார்த்தவர்கள் பிளேர், மேரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1985-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். அவர்கள் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், சுமார் 3,50,000 பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய வழக்கு. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் தானியங்கி ரயில் விபத்து பற்றிய வழக்கு அது என்று பின்னாளில் எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அந்த விபத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1972 அக்டோபரில், சேவை தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், ஃப்ரீமான்ட் என்னும் கடைசி நிலையத்தில் ரயில் நிற்காமல் மணல் மேட்டைத் தாண்டிப் பாய்ந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் இருந்த படிக அலையியற்றி பழுதாகி, 'மெதுவாகப் போ' என்ற கட்டளையை வண்டி 'வேகமாகப் போ' என்று புரிந்துகொண்டதுதான் காரணம்.

அந்த ஆவணங்களையெல்லாம் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ஸ்டேர்ஸ்' என்ற தேடுமுறையில் ஏற்றியிருந்தார்கள். வேண்டிய ஆவணங்களில் முக்கால் பங்காவது கிடைக்க வேண்டும் என்பது வக்கீல்களின் நிபந்தனை. திறமையான உதவியாளர்கள் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினார்கள். போதும், முக்கால் பங்கு வந்துவிட்டது என்று வக்கீல்கள் மன நிறைவு கொண்டபோதுதான் தேடல் நின்றது. பிறகு ஆய்வாளர்கள் இருவரும், கிடைக்காத ஆவணங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, அவற்றையும் வக்கீல்களிடமே காட்டி மதிப்பிடச் செய்தார்கள். துல்லியம் 79 விழுக்காடு, நல்லதுதான். முழுமையோ சராசரி 20 விழுக்காடு! ஐந்தில் நான்கு தப்பிவிட்டிருந்தன. தப்பியது அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

காரணம் எளியது. 'விபத்து' என்று போட்டுத் தேடினார்கள். சம்பந்தப்பட்ட கம்பெனியார் அதை விபத்து என்றா எழுதுவார்கள்? 'வருந்தத்தக்க நிகழ்ச்சி', 'அந்தச் சூழ்நிலை', 'பிரச்சினை', 'சிரமம்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இன்னும் சிலர் 'உங்கள் சென்ற கடிதத்தில் கண்ட விஷயம்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஒரே உறுப்புக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு பெயர். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இது விளங்கும். சரியான விடையைப் பாடப்புத்தகச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது இருக்கிறார். அவசரமாய்த் திருத்தினால் அவருக்கு மதிப்பெண் போய்விடும்.

கற்றுக்கொள்ளும் தேடல்

சொல்லைச் சொல்லித் தேடுவது பயனில்லை என்றால், எடுத்துக்காட்டைக் காட்டித் தேடலாமே? இதற்கான விதைகள் முன்பே இருந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு சால்டன் ஒவ்வோர் ஆவணத்தையும் ஒரு திசையனாகக் கருதினார். சொற்கள் அச்சுகள், ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்பது அந்த அச்சில் நீளம். இரண்டு திசையன்களுக்கு இடையேயுள்ள கோணம் சிறிதாயின் இரண்டு ஆவணங்களும் உறவுடையவை. எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, அரிதாய் வரும் சொல்லுக்கு எடை மிகுதி என்ற கருத்தை, 1972-ல் கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் நிறுவினார். இன்றைய தேடுபொறிகளின் உள்ளேயும் இக்கருத்து வாழ்கின்றது.

இவற்றின்மேல் கட்டப்பட்டதுதான் வக்கீல்களுக்கான கற்கும் மென்பொருள். வழக்கை அறிந்த வக்கீல் சில நூறு ஆவணங்களைப் படித்து, 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறியிடுகிறார். எந்தெந்தச் சொற்கள், சொற்சேர்க்கைகள் 'வேண்டும்' பக்கம் சாய்கின்றன என்று பொறி எடை போடுகின்றது. மீதமுள்ள லட்சக்கணக்கான ஆவணங்களுக்கு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துகின்றது. வக்கீல் மேலே இருப்பவற்றைப் படித்துத் திருத்த, பொறி மீண்டும் கற்கின்றது. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம் 2006 முதல் இத்தகைய முறைகளுக்கு ஆண்டுதோறும் போட்டி போல் சோதனை நடத்தியது. 2012-ல் நியூயார்க்கிலும், 2016-ல் லண்டனிலும் நீதிமன்றங்கள் இதனை ஏற்றன. இரண்டும் உரிமையியல் வழக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குற்ற வழக்குப் பக்கத்தில் பெரிதாய்ப் பேசப்பட்டது ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின் கம்பெனி மீதான லஞ்சப் புலனாய்வு. இங்கிலாந்தின் கடும் மோசடிக் குற்ற அலுவலகம் அதில் 3 கோடி ஆவணங்களைக் கையாள வேண்டியிருந்தது. ஒருவர் நிமிடத்துக்கு ஓர் ஆவணம் வீதம் நாளுக்கு எட்டு மணி நேரம் படித்தால் 480 ஆகும்; 3 கோடிக்கு 62,500 ஆள்-நாள்கள். பொறியோ நாளொன்றுக்கு 6 லட்சம் வரை அலசியது. ஆனால் அங்கே அதற்கு இட்ட வேலை, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான அந்தரங்கக் கடிதங்களைப் பிரித்தெடுப்பது. அது ஓரளவு எளிது. வக்கீல்களின் பெயர், முகவரி, கடிதப் போக்கு எல்லாம் அடையாளம் காட்டிவிடும். 2018 முதல் புதிய வழக்குகளுக்கும் இத்தகைய மென்பொருளை அந்த அலுவலகம் பயன்படுத்தலாயிற்று. பொறி வந்துவிட்டதால் தவறுகள் நின்றுவிடவில்லை. 2021 ஏப்ரலில், ஒரு பெரிய கம்பெனியின் முன்னாள் நிர்வாகிகள் இருவர் மீது அந்த அலுவலகம் நடத்திய வழக்கு, ஆவணங்களை முறையாகக் கொடுக்காத காரணத்தால் நீதிமன்றத்தில் இடிந்து விழுந்தது.

ஒரு சோறு பதம் போதுமா?

பொறி தேடி முடித்தபின் ஒதுக்கிய குவியலில் ஏதேனும் தப்பியதா என்று எப்படி அறிவது? பிளேரும் மேரனும் செய்தது போலக் குவியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு மாதிரி எடுத்துப் படிப்பதுதான் வழி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறு வெந்ததா என்று அறிய அது சரி; எல்லாப் பருக்கையும் ஒரே கொதியில் வெந்தவை. சோற்றில் கல் இருக்கிறதா என்று அறிய ஒரு பருக்கை என்ன செய்யும்?

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒதுக்கிய குவியலில் 10 லட்சம் ஆவணங்கள். அதிலிருந்து 1,500 எடுத்துப் படிக்கிறோம். சாதகமானது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் குவியலிலும் இல்லை என்று சொல்லலாமா? கெய்கர் எண்ணியுடன் வேலை செய்த மாணவர்கள் 'கூடாது' என்பார்கள். சராசரியாக 3 துடிப்பு வரவேண்டிய நேரத்தில் ஒரு துடிப்பும் வராமல் போகும் வாய்ப்பு, பாய்சான் விதிப்படி சுமார் 5 விழுக்காடு. ஆகவே 1,500-ல் பூஜ்யம் என்றால், 95 விழுக்காடு உறுதியோடு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: 1,500-க்கு 3-க்கு மேல் இராது. அதாவது 500-க்கு 1. பத்து லட்சத்தில் அது 2,000 ஆவணங்கள்! ஒன்றுமே தப்பவில்லை என்று தோன்றும் சோதனைக்குப் பிறகும், 2,000 தாள் வரை உள்ளே ஒளிந்திருக்க இடமுண்டு. கம்பெனிக்குக் கம்பெனி பண வழக்காடும்போது இது பெரிய குறையல்ல. நூறு கடிதத்தில் எண்பது கிடைத்தால் கதை தெரிந்துவிடும். தாம்சனுக்கு வேண்டியிருந்தது ஒரு தாள்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 'சாதகம்' என்பது தாளில் எழுதியிருக்கும் சொல் அன்று. லஞ்சம், பணம், கணக்கு என்றால் அவற்றுக்குரிய சொற்கள் உண்டு. ஒரு நிரபராதியைக் காப்பாற்றும் தாள் கடை ரசீதாக இருக்கலாம், பேருந்து நேரமாக இருக்கலாம், 'நாளை பார்க்கலாமா' என்ற ஒரு வரியாக இருக்கலாம். எதிர்த்தரப்பின் வாதம் எதுவென்று தெரிந்தால்தான் அது சாதகமாகத் தெரியும். பொறிக்குக் குறியிட்டுக் கற்பிப்பவரோ அரசுத் தரப்பு வக்கீல். அவர் கையில் இருப்பது அவருடைய கதை. மனிதர் பாராமல் விட்டதை, அவரிடம் பாடம் கேட்ட பொறியும் பாராமல் விடும். அதுவும் மூன்று கோடித் தாளிலும் ஒரே மாதிரி விடும்.

இங்கிலாந்தின் இன்றைய வழிகாட்டு நெறிகள் இதை ஓரளவு உணர்ந்தவை. எந்தக் கருவிகளைப் பிடித்தோம், எவற்றைத் தேடினோம், எந்தச் சொல்லைக் கொண்டு தேடினோம் என்று அரசுத் தரப்பு ஓர் ஆவணமாக எழுதி முன்கூட்டியே எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் காட்டுவதை அவை ஊக்குவிக்கின்றன. 'இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்' என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். 2025 மார்ச்சில் வெளியான ஜோனதன் ஃபிஷரின் ஆய்வறிக்கையும் மென்பொருளின் பயனைக் கூட்டவே பரிந்துரைத்தது. என் எண்ணத்தில், தேடுசொல் பட்டியலை மட்டும் காட்டினால் போதாது. ஒதுக்கிய குவியலில் எத்தனை மாதிரி எடுத்தார்கள், அதில் என்ன கண்டார்கள் என்ற எண்களையும் காட்ட வேண்டும். அளவைச் சொல்லிப் பிழையைச் சொல்லாத மாணவனுக்கு நாங்கள் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் தருவதில்லை.

எதிர்த்தரப்பும் இப்போது வெறுங்கையாய் இல்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்காகப் பொதுச் செலவில் வாதாடும் வக்கீல்கள் சிலர், போலீசாரின் உடற்காமிராப் பதிவுகளை எழுத்தாக மாற்றித் தேடும் மென்பொருளைக் கையாளுகின்றனர். மணிக்கணக்கான பதிவில் வேண்டிய பேச்சு எங்கே என்று விரைவில் காண முடிகின்றது. ஆனால் பொறியின் செவியிலும் பழுதுண்டு. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சுணர் மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை; கறுப்பு அமெரிக்கரின் பேச்சில் 35 பிழை. சிறையில் இருப்பவர்களில் யார் மிகுதி என்பதை எண்ணினால், இந்தப் பிழை யார் தலையில் விடியும் என்பது தெரியும்.

மீண்டும் தாம்சனின் கோப்புக்கு வருவோம். அந்த ஆய்வக அறிக்கையில் அவருக்குச் சாதகமாக ஒரு வாக்கியமும் இல்லை. துணி, கறை, பிரிவு 'பி', அவ்வளவே. அரசு வக்கீல்கள் தாம்சனின் இரத்தத்தைச் சோதித்ததாகவோ, அவருடைய பிரிவை அறிந்திருந்ததாகவோ சான்றில்லை. அப்படியென்றால் எந்தக் கணிப்பொறி அந்தக் கோப்பு முழுவதையும் படித்திருந்தாலும், 'பி' என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு வேறொன்றும் கிடைத்திராது. இரத்தம் இருக்கிறது, சோதித்தாயிற்று என்ற ஒரு செய்தி எதிர்த்தரப்புக்குப் போயிருந்தால், அவர்கள் ஒரே நாளில் ஒரு துளியைச் சோதித்திருப்பார்கள். 1999-ல் நடந்ததும் அதுதான். வழிப்பறித் தண்டனை நீங்கியது. கொலை வழக்கு 2003-ல் மறுபடி விசாரிக்கப்பட்டது. இம்முறை தாம்சன் கூண்டில் ஏறிப் பேசினார். ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் அவரை விடுவித்தார்கள். அவர் சிறையில் கழித்தது 18 ஆண்டுகள். அதற்கு ஈடாக ஜூரிகள் வழங்கிய 1 கோடியே 40 லட்சம் டாலரை, 2011-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. சிறையிலிருந்து விடுபட்டு வருவோர்க்கு உதவ ஓர் அமைப்பை நடத்திவந்த தாம்சன், 2017-ல் காலமானார்.